நாச்சிமுத்து வாயில் வராத சொல்

இந்தக் கதையில் வரும் குரு, ஸ்கூட்டியில் வருவார். பெயர் கோகிலவாணி. வயது முப்பத்து நாலு. பகலில் பல்லடம் சாலையில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பார். சாயங்காலமானால் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வேலங்காட்டுப்பாளையத்து மாரியம்மன் கோயில் திடலில் ஊருக்கே கும்மி சொல்லித்தருவார்.

சீடரின் பெயர் குழந்தைவேலு. பெயரில் மட்டும்தான் குழந்தை, ஐம்பது தாண்டிவிட்டது. நூற்பாலை ஒன்றில் பயிற்சி அதிகாரி. சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னதற்காகத் திடலுக்கு வந்தவர், வந்த அன்றே மாட்டிக்கொண்டார். மேளம் விழுந்ததும் காலுக்கு ஆசை வந்துவிட்டது. அதன் பிறகு டாக்டர் வேண்டாம் என்றாலும் வந்திருப்பார்.

அரங்கேற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. திடலில் ஒரே ஆரவாரம். மில்லில் வேலை முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கூட விடாமல் ஓடிவந்து நிற்பார்கள் பெண்கள். மேளம் கேட்டால் போதும், எட்டு மணி நேர அலுப்பு எங்கே போகுமோ தெரியாது.

ஒருநாள் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது குழந்தைவேலு குருவிடம் வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்ணா."

"இதுல பாதிப் பேரு எங்க மில்லுல வேலை பாக்கறவிய. உங்ககிட்டக் கத்துக்கிட்டாக் காலு தானாப் போகுது. எங்கிட்டயும் வருசாவருசம் கிளாசுக்கு வர்றாங்க. பரீட்சை வெச்சா நல்ல மார்க்கு வேற. மிஷினுகிட்டப் போனா பழையபடிதான்."

"என்ன பாடமுங்ணா?"

"பஞ்சு அடைச்சா மிஷினை நிறுத்தணும். முழுசா நின்ன பொறகுதான் கையை வெக்கணும். அவ்வளவேதான் பாடம்."

சொல்லிவிட்டு ஒரு பக்கமாகப் பார்த்தார். அங்கே துளசிமணி உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கட்டு. பஞ்சை வாரும் இயந்திரத்தில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. குழந்தைவேலுவின் வகுப்பில் அவள்தான் முதல் மதிப்பெண். கைதட்டலோடு சான்றிதழ் வாங்கிப்போன அந்த வாரமே அடைத்த பஞ்சை எடுக்கக் கையை விட்டாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ளைக்குப் பாடம் தெரியும் டீச்சர். தெரிஞ்சே கை போச்சு. இன்னொருத்தி விரல் போச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட மில்லுக்குள்ள போவேன்? ஏனுங்க இப்படி ஆகுது?"

குரு மேளக்காரர் மாரப்பனைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டுச் சீடரிடம் திரும்பினார்.

"அண்ணா, மூணாவது அடவு எப்படி? சொல்லுங்க."

"வலது காலு முன்னால, இடது காலு தட்டி, ஒரு சுத்து, ரெண்டு கையும் தட்டணும். நிதானமா."

"ஆடிக் காட்டுங்க."

மேளம் மெதுவாக விழுந்தது. குழந்தைவேலு ஆடினார். ஒரு பிசகும் இல்லை. பெண்கள் கைதட்டினார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போது மாரப்பன் மேளத்தை விரட்டினார். குழந்தைவேலுவின் காலும் விரட்டிக்கொண்டு போனது. சுற்று வந்தது, தட்டு வரவில்லை. ஒரு கால் இன்னொரு காலைத் தேடியது. பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தார்.

சிரிப்பு அடங்கியதும் குரு கேட்டார்.

"நிதானமான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாங்க."

"அடவு தெரியுமில்லீங்களா?"

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏனுங்ணா ஓடுனீங்க?"

குழந்தைவேலு மண்ணைத் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"மேளம் ஓடுச்சுங்களே."

"உங்க மில்லுல மேளம் யாரு அடிக்கறது?"

"மில்லுல ஏதுங்க மேளம்?"

"இருக்கும். போய்க் கேட்டுட்டு வாங்க."

மறுநாள் குழந்தைவேலு மாடியை விட்டுக் கீழே இறங்கினார். அவருடைய வகுப்பறை மாடியில் இருந்தது. ஏசி உண்டு, திரை உண்டு, நடுவில் டீயும் பன்னும் உண்டு. இயந்திரங்கள் ஓடும் கூடத்துக்கு அவர் வருவது ஆயுதபூஜைக்கு மட்டும்தான். இப்போது வந்து ஒரு தூணோரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

முதலில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. போகப்போக, இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"ஓடட்டும்! ஓடட்டும்!"

மேஸ்திரி நாச்சிமுத்து. கெட்ட மனிதர் இல்லை. ஒரு இயந்திரம் கொஞ்ச நேரம் நின்றாலும் சுவரில் இருக்கும் போன் அடிக்கும், மேலே இருந்து மேனேஜர் ஏன் என்று கேட்பார். அந்தப் போனுக்குப் பயந்தே அவர் தொண்டை அப்படி வளர்ந்திருந்தது. யாராவது இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் பக்கம் போனால் போதும், "ஓடட்டும்!" உடனே அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்: "சரிங்க!"

இந்தச் 'சரிங்க' பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அது ஒரு சொல் இல்லை, மூச்சு. புரிந்தாலும் சரிங்க, புரியாவிட்டாலும் சரிங்க. செய்கிறேன் என்றாலும் அதுதான், ஆளை விடுங்கள் என்றாலும் அதுதான். மேலே இருப்பவர் ஒன்று சொன்னால் யோசிப்பதற்குள் வாய் அதைச் சொல்லிவிடும். வாய் சொன்ன பிறகு கை எப்படி சும்மா இருக்கும்? குழந்தைவேலுவும் வகுப்பு முடியும்போதெல்லாம் "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்பார். "சரிங்க!" என்று நாற்பது குரல் வரும். மனம் நிறைந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

தூணோரம் நின்றவரை நாச்சிமுத்து பார்த்துவிட்டார்.

"சார்! சும்மாத்தானே நிக்கறீங்க? அந்தக் கடைசி மிஷின்ல பஞ்சு அடைச்சிருக்கு பாருங்க. புடிச்சு இழுத்துவுட்டுருங்க. ஓடட்டும்!"

"சரிங்க!" என்றார் குழந்தைவேலு.

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனார். குனிந்தார். கையை நீட்டினார்.

பின்னாலிருந்து யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு பொத்தான் தெறித்துப் போயின. துளசிமணி. கட்டுப்போட்ட கைக்கு லேசான வேலை பார்க்கட்டும் என்று கூட்டிப்பெருக்க விட்டிருந்தார்கள். இடது கை காலரில் இருந்தது. முழங்கையால் சிவப்புப் பொத்தானை அடித்திருந்தாள். இயந்திரம் முனகிக்கொண்டே ஓய்ந்து நின்றது.

"சார்!" என்றாள். காலரை இன்னும் விடவில்லை.

குழந்தைவேலு தன் கையைப் பார்த்தார். ஐந்து விரலும் இருந்தன. எத்தனை பேருக்கு இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார்.

தூரத்திலிருந்து குரல் வந்தது. "யாருடா அது நிறுத்துனது? ஓடட்டும்!"

"சரிங்க" என்றாள் துளசிமணி. கொக்கியால் பஞ்சை எடுத்துவிட்டு இயந்திரத்தைத் திரும்ப ஓடவிட்டாள்.

அன்று சாயங்காலம் திடலுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவர் குழந்தைவேலுதான்.

"மேளத்தைக் கேட்டேனுங்க டீச்சர். கேட்டுட்டு ஒரு ஆட்டமும் ஆடிட்டு வந்துட்டேன்."

பொத்தான் இல்லாத சட்டையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். 'சரிங்க' வரைக்கும் கேட்டபோது குரு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. சீடரின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்த மேஸ்திரி உங்க கிளாசுக்கு வந்திருக்காருங்களா?"

"அவரெங்க டீச்சர் வர்றது? அவர் மேல வந்துட்டா கீழ ஷிப்டை யாரு பாக்கறது? ஆளுகளை எண்ணி அனுப்பறதோட சரி."

"குரல் எப்படி?"

"மிஷினே அடங்கிப் போயிருமுங்க."

"நல்லதாப் போச்சு. நம்ம கும்மிக்குக் குரல் குடுக்கற ராமசாமியண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. எனக்கு வேற ஆள் வேணும்."

கோகிலவாணியின் கும்மியில் ஒரு இடம் உண்டு. அதைப் பார்க்கவே பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். மேளம் ஏறி ஏறி, வட்டம் சுழன்று சுழன்று, இதற்கு மேல் வேகம் இல்லை என்னும்போது எல்லாக் கைகளும் தலைக்கு மேலே போகும். அந்த நொடியில் குரல் கொடுப்பவர் "நில்லு!" என்று கூப்பிடுவார். நூறு பேரும் தூக்கிய கால் தூக்கியபடி அப்படியே நிற்பார்கள். குரல் ஒரு மூச்சு பிந்தினால் போதும், ஒருவர்மேல் ஒருவர் சரிந்து மானம் கப்பலேறிவிடும்.

நாச்சிமுத்து வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக வந்தார். வட்டத்தில் அவர் மனைவியும் நின்றார். தன் குரலுக்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒரே வார்த்தைதானுங்ணா" என்றார் குரு. "கடைசியில 'நில்லு'ன்னு சொல்லணும்."

"இதென்னங்க பெரிய விசயம்?"

மேளம் ஏறியது. வட்டம் பறந்தது. மண் எழும்பியது. சலங்கைச் சத்தத்தில் நாச்சிமுத்துவுக்கு ரத்தம் சூடேறியது. முகம் சிவந்தது. கைகள் மேலே போயின. நாச்சிமுத்து நெஞ்சு நிறைய மூச்சிழுத்து அலறினார்.

"ஓடட்டும்!"

பாதிப் பேர் ஓடினார்கள். பாதிப் பேர் நின்றார்கள். குழந்தைவேலு யாருடைய காலையோ மிதித்தார், யாரோ அவரை மிதித்தார்கள். சீட்டுக்கட்டு மாதிரி வட்டம் சரிந்தது. மில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் சிரித்தது மேஸ்திரியைப் பார்த்து என்று உறைத்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

மறுபடியும் ஆடினார்கள். மறுபடியும் "ஓடட்டும்!" அடுத்த தடவை 'நி' என்று ஆரம்பித்து, அது தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. நாச்சிமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"அந்த வார்த்தை வாயில வர மாட்டீங்குதுங்க டீச்சர். வேற ஆளைப் பாருங்க."

"எதை வெச்சுங்ணா கூப்புடறீங்க?"

"மேளத்தைக் கேட்டுட்டுத்தானுங்க."

"மேளத்தை வுட்டுருங்க. அவிய கையைப் பாருங்க. கை மேல போச்சா, நில்லு."

"கையையா?"

"கையை மட்டும்."

அன்றிலிருந்து தினமும் வந்தார் நாச்சிமுத்து. மேளத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கைகளையே பார்த்தார். பத்து வருடமாகத் தன்னிடம் வேலை பார்க்கும் கைகளை அவர் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. எது காய்த்துப்போன கை, எது மருதாணிக் கை என்று பார்த்தார். துளசிமணியின் கை மேலே போகும்போது மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். "எல்லாக் கையையும் பாக்கோணுமுங்ணா" என்பார் குரு. பிறகு அதையும் பார்த்தார்.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. விடியற்காலையில் வாசலில் நின்று "நில்லு!" என்று அலறி, பால்காரர் பிரேக் போட்டுக் கேனோடு சாய்ந்துவிட்டதாக அவர் மனைவி வந்து சொன்னார். திடலே குலுங்கியது.

குழந்தைவேலுவுக்குப் பொறுக்கவில்லை. குருவைத் தனியே பிடித்தார்.

"டீச்சர், மிஷின் விசயத்தை அவர்கிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"எனக்கு மிஷினைப் பத்தி என்னங்ணா தெரியும்? போய் வட்டத்துல நில்லுங்க."

அரங்கேற்றத்தன்று திடல் கொள்ளவில்லை. சீரியல் விளக்கு, ஐஸ் வண்டி, கோயில் சுவர்மேல் வரிசையாகக் குழந்தைகள். பெண்களெல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் புடவை. குழந்தைவேலு தலைப்பாகை கட்டியிருந்தார். கண்ணாடியில் பார்த்தபோது தன்னையே அடையாளம் தெரியாமல் சந்தோஷப்பட்டார்.

மேளம் ஏறியது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. வட்டம் சுழன்றது, மஞ்சள் ஒன்றே தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கைகள் மேலே போயின.

"நில்லு!"

நூறு பேர் நின்றார்கள். தூசி மட்டும் மெல்லக் கீழே இறங்கியது. குழந்தைவேலு ஒற்றைக் காலில் ஆடாமல் அசையாமல் நின்றார். பிறகு எழுந்த விசில் சத்தத்தில் கோயில் மணிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நாச்சிமுத்து குழந்தை மாதிரி அழுதார். வந்தவர் போனவர் எல்லோரும் அவரைக் கட்டிப்பிடித்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஷிப்டு. ஏற்றுமதிச் சரக்கு அவசரம் என்று எல்லா இயந்திரமும் முழுவீச்சில் ஓடின. குழந்தைவேலு இப்போதெல்லாம் மாடியில் இருப்பதில்லை, தூணோரம் நின்றிருந்தார். நடு வரிசையில் பஞ்சு அடைத்தது. அங்கே நின்ற சிவகாமி, மேஸ்திரி கத்துவதற்குள் எடுத்துவிடலாம் என்று கையைத் தூக்கினாள்.

குழந்தைவேலு வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது.

"நில்லு!"

கூடமே அதிர்ந்தது. சிவகாமி கையைத் தூக்கியபடி சிலையாக நின்றாள். அவள் மட்டுமா? குரல் பழகிய குரல். எல்லா வரிசையிலும் இருந்த அத்தனை பேரும் சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டார்கள். ஒவ்வொரு இயந்திரமாக முனகி ஓய்ந்தது. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. இப்படி ஒரு அமைதியை அந்த மில் கட்டின நாளிலிருந்து யாரும் கேட்டதில்லை.

நாச்சிமுத்து தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றார்.

சுவரில் போன் அடித்தது.

யாரும் அசையவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாச்சிமுத்து போய் எடுத்தார்.

"ஆமாங்க... நான்தானுங்க நிறுத்தச் சொன்னேன்... ஒரு மிஷினு இல்லீங்க, எல்லாந்தானுங்க... கைங்க... இல்லீங்க, கைக்கு ஒண்ணும் ஆகலீங்க. ஆகறதுக்கு முன்னாலயே நிறுத்திப்போட்டனுங்க."

அந்தப் பக்கம் மேனேஜர் என்னென்னவோ சொன்னார். தூணோரம் நின்ற குழந்தைவேலுவுக்கே இரைச்சல் கேட்டது. நாச்சிமுத்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எல்லோரும் எதிர்பார்த்த அந்தச் 'சரிங்க' வரவில்லை.

"எடுத்துட்டு ஓட்டறோமுங்க" என்று வைத்துவிட்டார்.

திரும்பினார்.

"பஞ்சு எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்க" என்றாள் சிவகாமி.

"எல்லாரும் கையைக் காட்டுங்க."

கைகள் மேலே போயின. துளசிமணியின் கையும் போனது. நாச்சிமுத்து ஒன்று விடாமல் பார்த்தார்.

"ஓடட்டும்" என்றார், மெதுவாக.

குழந்தைவேலு ஷிப்டு முடியும்வரை காத்திருக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மருந்துக்கடைக்குப் பறந்தார். குரு யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். சீடர் கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சு வாங்க, ஒன்று விடாமல் சொன்னார். நில்லு சொன்னதை இரண்டு தடவை அலறிக் காட்டினார். மருந்து வாங்க வந்தவர்கள் மிரண்டு ஒதுங்கி நின்றார்கள். குரு மருந்துப் புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துள்ளிக் குதித்தார்.

சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் குழந்தைவேலுவுக்குப் பழைய வருத்தம் எட்டிப்பார்த்தது.

"இத்தனை வருசமா அத்தனை பேருக்கும் நான் பாடம் எடுத்தேனே டீச்சர். படம் போட்டுக் காட்டினேன், பரீட்சை வெச்சேன். நீங்க மிஷினைப் பத்தி அவியகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. எப்படீங்க ஒரே நாள்ல கத்துக்கிட்டாங்க?"

குரு புட்டியைப் பையில் போட்டு, காத்திருந்தவரிடம் கொடுத்தார்.

"உங்க கிளாசுக்கு வந்தவிய எல்லாரும் அன்னைக்கே கத்துக்கிட்டாங்கண்ணா. வராத ஒருத்தருக்குத்தான் நான் சொல்லிக்குடுத்தேன்."